சுழலும் மேடையிலுள்ள மோட்டார்களுக்கு மின்சாரம் செலுத்தும் முறை

காங்கேயம் காளையை முளையில் கயிற்றால் கட்டி மேயவிட்டால், அது ஒரே திசையில் பலமுறை சுற்றி வரும்போது கயிறு முளையில் சுற்றிக் குறுகி, இறுதியில் காளையின் கழுத்து முளையோடு சேர்ந்துவிடும். முளையில் தளர்வான இரும்பு வளையம் ஒன்றை இட்டு, அதில் கயிற்றைக் கட்டினால், வளையம் காளையுடன் சுற்றி வரும், கயிறு குறுகாது. சுழலும் மேடையின்மீது மோட்டாரை வைத்து, அதற்கு நிலத்திலிருந்து மின்சாரம் கொடுப்பதிலுள்ள சங்கடமும் இத்தகையதே. அதன் பரிகாரமும் ஏறக்குறைய இதுவே.

காற்றாலை காட்டும் பாடம்

இதற்குத் தக்க உதாரணம் காங்கேயம், தாராபுரம், பல்லடம், உடுமலை வட்டாரங்களின் வெளிகளிலேயே நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசுவதால், 1990-க்குப் பிந்திய ஆண்டுகளில் இப்பகுதிகளில் காற்றாலைகள் மிகுதியாக நிறுவப்பட்டன. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் குடத்தில் பொருந்தியிருப்பதுபோல, காற்றாலையின் மூன்று இறக்கைகளும் ஒரு குடத்தில் பொருந்தியுள்ளன. பல காற்றாலைகளில் அக்குடத்தினுள் இறக்கைக்கு ஒன்றாக மூன்று மோட்டார்கள் உண்டு. காற்று அளவுக்கு மீறும்போது, அவை இறக்கைகளைத் திருப்பிக் காற்றின் பிடியைக் குறைக்கின்றன.

குடம் நிமிஷத்துக்கு 15 சுற்று சுற்றுவதாகக் கொண்டால், மணிக்கு 900 சுற்று. நாளொன்றுக்கு 21,600 சுற்று. நேர்க்கம்பி இட்டால் சில நிமிஷங்களிலேயே முறுகி அறுந்துபோகும். ஆகையால் அங்கு ஸ்லிப் ரிங் உபயோகிக்கப்படுகிறது.

அதே காற்றாலையின் தலைப்பகுதி முழுவதும் காற்றுவரும் திசையை நோக்கி மெல்லத் திரும்புகிறது. கேபிள்கள் கோபுரத்தினுள் தளர்வாகத் தொங்கவிடப்பட்டுள்ளன. ஒரே பக்கமாகச் சில சுற்றுகள் முறுகியதும், யந்திரம் எதிர்த்திசையில் திரும்பி அம்முறுக்கை அவிழ்த்துக்கொள்ளும். ஆகவே, மேடை ஓயாமல் ஒரே பக்கம் சுழலுமா, அல்லது சிறிது சென்று திரும்புமா என்பதே முதலில் ஆராய வேண்டுவது. திரும்புவதாயின் வளைந்து கொடுக்கும் கேபிளே போதும்.

மோட்டாரே வேண்டாத வழியும் ஒன்றுண்டு. திருப்பூரில் நிட்டிங் மிஷின் எனப்படும் வட்டப் பின்னல் யந்திரத்தில், ஊசிகள் நிற்கும் சிலிண்டரும் அதன் அடியில் துணியை இழுத்துச் சுருட்டும் சட்டமும் சேர்ந்தே சுழல்கின்றன. பழைய அமைப்பில், கீழே அசையாது நிற்கும் பற்சக்கர வளையத்தின்மீது சட்டத்திலுள்ள சிறு பற்சக்கரம் உருண்டு செல்லும். அவ்வுருளலே துணியுருளைகளைத் திருப்பிவிடும். சட்டத்தில் தனி மோட்டாரை வைத்தால்தான் அதற்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கவலை பிறக்கிறது.

வளையமும் பிரஷும்

ஸ்லிப் ரிங் என்பது சுழலும் அச்சில், அதனைத் தொடாதவாறு மின்காப்பின்மீது பொருத்தப்பட்ட உலோக வளையம். அசையாத சட்டத்திலிருந்து கார்பன் பிரஷ் ஒன்று, ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் வளையத்தின்மீது எப்போதும் படிந்திருக்கும். வளையம் அதன்கீழ் வழுக்கிச் செல்ல, மின்சாரம் இடைவிடாது மேடைக்குச் செல்கிறது. லாரி ஆல்டர்னேட்டரினுள்ளும் இத்தகைய இரு வளையங்கள் இருப்பதை மெக்கானிக்குகள் அறிவர். பெரிய ஆலைகளை ஓட்டும் ஸ்லிப் ரிங் மோட்டாரிலும் இவை உண்டு.

எத்தனை வளையங்கள் தேவை?

மேடையில் 2 குதிரைச் சக்தியுள்ள மூன்று மும்முனை மோட்டார்கள் இருப்பதாகக் கொள்வோம். ஸ்டார்ட்டர்களை நிலத்தில் வைத்தால், மோட்டாருக்கு மூன்றாக ஒன்பது வளையங்கள் வேண்டும். ஸ்டார்ட்டர்களை மேடையிலேயே அமைத்துவிட்டால், மூன்று முனைகளுக்கு மூன்று வளையங்களே போதும். கட்டளை மின்சாரத்துக்குச் சிறு வளையங்களைத் தனியே சேர்த்துக்கொள்ளலாம்.

415 வோல்ட்டில் இத்தகைய மோட்டார் ஒன்று முழுப்பளுவில் ஏறக்குறைய 3½ ஆம்பியர் வாங்கும். மூன்றும் ஓடினால் 10½ ஆம்பியர். ஆனால் நேராகக் கிளம்பும் வேளையில் மோட்டார் இதைப்போல் ஐந்து, ஆறு மடங்கு வாங்கும். மூன்றும் ஒரே கணத்தில் கிளம்பினால் 60 ஆம்பியர் வரை பிரஷுகளின் வழியே பாயும். ஆதலால் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்புவதே முறை. மேலும், ஒரு பிரஷ் தேய்ந்தோ தூக்கியோ விட்டால், ஒரு முனை அறுந்து மோட்டார் இரு முனையில் ஓடிக் கருகும். கிணற்று மோட்டாரில் விவசாயிகள் பொருத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் இங்கும் அவசியம்.

உயிரைக் காப்பது எர்த் வளையம்

மூன்று வளையங்களோடு கணக்கை முடித்துவிடுவது பெரும் பிழை. மேடையிலுள்ள ஒரு மோட்டாரில் மின்கசிவு ஏற்பட்டால், அதன் உடலும் மேடை முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கக்கூடும்; தொடுகிறவர் உயிருக்கே அபாயம். மேடை இரும்பு பேரிங்கின்மீது அமர்ந்திருப்பதால் அதுவே எர்த்தாகும் என்று எண்ணலாகாது. சுழலும்போது குண்டுகளுக்கிடையே உள்ள கிரீஸ் மின்சாரத்தைத் தடுக்கும். தடுப்பை மீறிப் பாயும் மின்சாரமோ குண்டுகளைப் பொரித்துக் கெடுக்கும். ஆகையால் எர்த்துக்கெனத் தனி வளையமும், அதன்மீது இரண்டு பிரஷுகளேனும் இருத்தல் வேண்டும். ஒன்று தேய்ந்தாலும் மற்றது காக்கும்.

காற்றாலைக் குடத்தினுள் பாட்டரியோ வேறு மின்சேமிப்புச் சாதனமோ வைக்கும் வழக்கமும் இதே எச்சரிக்கையால் வந்ததே. வளையவழி மின்சாரம் நின்றாலும், இறக்கைகளைத் திருப்பிக் காற்றாலையை நிறுத்த அது உதவுகிறது.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை

1. வளையத்தைத் தொடுமுன் நிலத்திலுள்ள மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுக. மேடை நின்றதாலேயே மின்சாரமும் நின்றதாகக் கருதலாகாது. மேடையில் பாட்டரி இருந்தால் அதன் இணைப்பையும் துண்டித்தல் வேண்டும்.

2. பிரஷின் நீளத்தையும் ஸ்பிரிங்கின் அழுத்தத்தையும் குறித்த காலத்தில் சோதித்துப் பதிவேட்டில் எழுதிவருக.

3. புதிய பிரஷின் முகத்தை வளையத்தின் வளைவுக்கேற்பத் தேய்க்க உப்புத்தாளே ஏற்றது. எமரித்தாளின் மணிகள் கரியில் பதிந்து வளையத்தைக் கீறும்.

4. பஞ்சுத்தூசி, அரிசித்தவிட்டுத்தூசி, தேய்ந்த கரித்தூள் ஆகியவை வளையங்களுக்கிடையே சேர்ந்தால் தீப்பொறியும் தீயும் உண்டாகும். வளையங்களை மூடிய பெட்டியில் வைத்து, தூசியை உறிஞ்சி எடுக்கவும், ஊதிவிடலாகாது.

5. மேடையின் இரும்புக்கும் நிலத்து எர்த்துக்கும் உள்ள தொடர்பை, மெயின் ஸ்விட்ச் பூட்டியிருக்கையில் மேடையைக் கையால் ஒரு முழுச்சுற்றுத் திருப்பியபடி மீட்டரால் அளக்கவும். ஓரிடத்தில் சரியாயிருப்பது மற்றோரிடத்தில் விட்டுப்போகலாம்.

சங்கத்தின் பொதுப்பணத்தில் இத்தகைய யந்திரம் வாங்கப்படும்போது, விலையை மட்டும் விசாரிப்பது போதாது. எர்த்துக்குத் தனி வளையம் உண்டா, பிரஷுகள் உள்ளூரில் கிடைக்குமா, அவற்றைப் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்னும் மூன்றையும் அங்கத்தினர்கள் கூட்டத்தில் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் பதிந்துகொள்வது நலம். அசையாத யந்திரத்தில் ஒருமுறை இணைத்த எர்த் கம்பி பல்லாண்டு நிற்கும். சுழலும் யந்திரத்தின் எர்த்தோ நாள்தோறும் தேய்ந்துகொண்டே இருக்கிறது.