கடலுக்குள் பிளாஸ்டிக்: லேசர் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கடலில் மிதக்கும் குப்பையை விமானத்திலிருந்து கேமராவால் படம் பிடிக்கலாம். ஆனா, அலை அடிச்சா நிறைய பிளாஸ்டிக் நீருக்குள்ளே இறங்கிடும். அது படத்தில் சரியாத் தெரியாது. அதுக்குத்தான் 'லைடார்', அதாவது லேசரால் தூரத்தை அளக்கும் கருவி. 2016-ல் 'தி ஓஷன் கிளீனப்' அமைப்பு, பசிபிக் குப்பைத் திட்டின் மேல் பறந்த ஹெர்குலிஸ் விமானத்தில் இதையும் ஏற்றிச் சென்றது.

1. எங்கே இருக்கிறது?
சிவப்பு ஒளியைத் தண்ணீர் சீக்கிரம் உறிஞ்சிவிடும். பச்சை ஒளி ஆழமாகப் போகும். அதனால் 532 நானோமீட்டர் பச்சை லேசரைப் பயன்படுத்துகிறார்கள். ஒளியில் ஒரு பகுதி நீர்ப்பரப்பிலேயே பட்டுத் திரும்பும். இன்னொரு பகுதி உள்ளே போய், ஏதாவது பொருளில் பட்டுத் திரும்பும். நீருக்குள் ஒரு மீட்டர் போய்வர ஒளிக்குச் சுமார் 9 நானோ விநாடி ஆகும். இரண்டுக்கும் இடைவெளி 45 நானோ விநாடி என்றால், பொருள் 5 மீட்டர் ஆழத்தில் இருக்கு. கணக்கு அவ்வளவுதான்!

2. அது என்ன?
மீனா, பிளாஸ்டிக் பையா? நேரத்தை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. இங்கே கைகொடுப்பவர் திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன். 1921-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது, கடல் ஏன் நீலமா இருக்குன்னு யோசித்தார். அதில் தொடங்கிய ஆராய்ச்சி 1928-ல் 'ராமன் விளைவு' கண்டுபிடிப்பில் முடிந்தது. ஒரு பொருளில் படும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறிச் சிதறும். எவ்வளவு மாறும் என்பது அதன் மூலக்கூறைப் பொறுத்தது. தண்ணீருக்கு ஒரு மாற்றம், பாலிஎத்திலினுக்கு வேறொரு மாற்றம், கைரேகை மாதிரி. ஜப்பானிய ஆய்வாளர்கள் சில மீட்டர் தூரத்திலிருந்தே பிளாஸ்டிக்கை இப்படி அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

3. சிக்கல் எங்கே?
ராமன் ஒளி ரொம்ப மங்கல். சூரிய வெளிச்சமும் பாசிகள் வெளியிடும் ஒளியும் அதை மறைத்துவிடும். கலங்கிய நீரில் பச்சை ஒளியும் தூரம் போகாது. துகளாக உடைந்த பிளாஸ்டிக்கை உயரத்திலிருந்து பிடிப்பது இன்னும் கஷ்டம்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியுது. லேசர் காட்டிக்கொடுக்கும், அள்ளி எடுக்காது. ஆழ்கடலில் தேட இவ்வளவு கருவி வேணும். அதே பை ஆற்றில் மிதக்கும்போது கண்ணே போதும்! 2019-ல் கிள்ளான் ஆற்றில் குப்பை அள்ளும் இயந்திரப் படகை நிறுத்தியதும் இதனால்தான். அதற்கும் முன்னாடியே, நம்ம வீட்டுக்கு வெளியே இருக்கும் லோங்காங்கிலேயே அதைத் தடுத்துட்டா இன்னும் சுலபம்.

யோசித்துப் பாருங்கள்: இடைவெளி 27 நானோ விநாடி என்றால், பொருள் எவ்வளவு ஆழத்தில் இருக்கும்?