மரியாதையைப் பிள்ளைகள் யாரிடம் கற்கிறார்கள்?

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான பெருமானார் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக!



பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளைப் பற்றி இந்த ஜும்ஆவில் பேச வேண்டியிருக்கிறது. நிறம் கறுப்பு என்பதற்காக ஒரு பிள்ளைக்கு ஒரு பெயர். திக்கிப் பேசினால் ஒரு பெயர். வாப்பா தள்ளுவண்டியில் வியாபாரம் செய்தால் அதற்கும் ஒரு பெயர். வைத்த பிள்ளைகள் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். வைக்கப்பட்ட பிள்ளையோ காலையில் வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொள்கிறது. பெற்றோர் மருந்து வாங்கிக் கொடுக்கிறார்கள். வலி வயிற்றில் இல்லை என்பது பல நாள் கழித்துத்தான் தெரிகிறது.

இதை விளையாட்டு என்று விட்டுவிட நமக்கு அனுமதி இல்லை. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆவது வசனத்தில் அல்லாஹ் மூன்று காரியங்களைத் தடுக்கிறான்: ஒருவரையொருவர் பரிகாசம் செய்வது, குறை கூறுவது, பட்டப்பெயர் சூட்டி அழைப்பது. பரிகாசம் செய்யப்படுகிறவர் செய்கிறவரைவிட மேலானவராக இருக்கக்கூடும் என்று காரணத்தையும் சொல்கிறான். ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்தச் சட்டம் இன்னும் கடமையாகவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு நம்மீது கடமையாகிவிட்டது.

வீட்டில் கேட்டதுதான் வகுப்பில் வருகிறது

அன்பானவர்களே! பிள்ளைக்கு இந்த வார்த்தைகளை யார் சொல்லிக்கொடுத்தது? குப்பை அள்ள வரும் அம்மாவை, வயதில் நம் தாய்க்குச் சமமானவரை, வாசலில் நின்று ஒருமையில் கூப்பிடுகிறோம். ஆட்டோ ஓட்டுநரோடு சண்டை வந்தால் அவர் தாயை இழுக்கிறோம். ஆசிரியர் கண்டித்தார் என்று பிள்ளை வந்து சொன்னதும், பிள்ளை முன்னாலேயே அந்த ஆசிரியரைத் திட்டுகிறோம். இவ்வளவையும் கேட்டு வளரும் பிள்ளையிடம், பெரியவர்களுக்கு மரியாதை கொடு என்று உபதேசம் செய்தால் அது எந்தக் காதில் ஏறும்?

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. பசியோடு வரும் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் சமைக்கிற பெண்ணின் சாதியைப் பார்த்து, அந்தச் சாப்பாட்டைத் தொடக்கூடாது என்று பெரியவர்களே பிள்ளைகளைத் தடுத்த செய்தியும் பத்திரிகைகளில் வந்தது. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது பசியும் இட்லியும்தான். சமைத்தவரை இழிவாகப் பார்க்கலாம் என்பதைப் பெரியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். நம் சமுதாயம் இதிலிருந்து முழுவதும் தப்பித்துவிட்டது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? தொழிலை வைத்து, குடும்பத்தை வைத்து, நிறத்தை வைத்து நம் வீடுகளில் பேசப்படும் பேச்சுகளை நினைத்துப் பாருங்கள்.

அபூதர் (ரழி) அவர்கள் ஒருமுறை ஒரு மனிதரை அவருடைய தாயைக் குறித்து இழிவாகப் பேசிவிட்டார்கள். அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உங்களிடம் இருக்கிறது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் நேரடியாகவே கண்டித்தார்கள். பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதை அவர்களுக்கும் உண்ணக் கொடுங்கள், நீங்கள் உடுத்துவதை அவர்களுக்கும் உடுத்தக் கொடுங்கள் என்று போதித்தார்கள். பல காலம் கழித்து, ரபதா என்ற இடத்தில் அபூதர் (ரழி) அவர்களைச் சந்தித்தவர், அவர்களும் அவர்களின் பணியாளரும் ஒரே மாதிரியான ஆடை அணிந்திருப்பதைக் கண்டு காரணம் கேட்டபோதுதான் இந்தச் சம்பவத்தைச் சொன்னார்கள். புகாரியில் இது பதிவாகியிருக்கிறது.

பெருமானார் பிள்ளைகளைத் திருத்திய விதம்

சிறியவர் பெரியவருக்கு ஸலாம் சொல்ல வேண்டும் என்பது மார்க்கம் கற்றுத்தரும் ஒழுங்கு. ஆனால் பெருமானார் (ஸல்) அவர்கள் சிறுவர்களைக் கடந்து போகும்போது தாமே ஸலாம் சொன்னார்கள் என்று அனஸ் (ரழி) அறிவிக்கிறார்கள். சட்டத்தைச் சொல்லிக் காத்திருக்கவில்லை, செய்து காட்டினார்கள்.

உமர் இப்னு அபீஸலமா (ரழி) அவர்கள் பெருமானாரின் வீட்டில் வளர்ந்த சிறுவர். சாப்பிடும்போது அவருடைய கை தட்டு முழுவதும் அலைந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் அதட்டவில்லை. பிஸ்மில்லாஹ் சொல், வலது கையால் சாப்பிடு, உனக்கு அருகில் இருப்பதைச் சாப்பிடு என்று மூன்றே விஷயங்கள் சொன்னார்கள். அதன் பிறகு அதுவே தம் பழக்கமாகிவிட்டது என்று அவர் பெரியவரான பின்பு சொல்கிறார். எதைச் செய்யக்கூடாது என்பதோடு நிற்காமல், எப்படிச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுத்ததால் அது நிலைத்தது.

கேலி செய்யும் பிள்ளையை என்ன செய்வது? ஹுனைனிலிருந்து பெருமானார் (ஸல்) அவர்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம். பாங்கு சொல்லப்பட்டது. இஸ்லாத்திற்கு வராத சில இளைஞர்கள் அதைப் போலவே கத்திக் கேலி செய்தார்கள். பெருமானார் அவர்களை அழைத்து, உரத்த குரல் யாருடையது என்று கேட்டார்கள். எல்லோரும் அபூமஹ்தூராவைக் கை காட்டினார்கள். மற்றவர்களை அனுப்பிவிட்டு அவரை மட்டும் நிறுத்தி, ஒவ்வொரு வாசகமாகப் பாங்கைக் கற்றுக்கொடுத்தார்கள். முன்தலையைத் தடவி அவருக்காக துஆ செய்தார்கள். உள்ளத்தில் இருந்த வெறுப்பு அன்பாக மாறிவிட்டது என்கிறார் அவர். கேலி செய்த அந்தக் குரல்தான் பின்னர் மக்காவின் பாங்கொலியானது.

கவனியுங்கள்! தவறு கண்டுகொள்ளாமல் விடப்படவில்லை. ஆனால் கூட்டத்தின் முன் அவமானப்படுத்தவும் இல்லை. அவரிடமிருந்த குரல்வளம் நல்ல வழிக்குத் திருப்பப்பட்டது. வகுப்பில் கேலி செய்யும் பிள்ளைக்குப் பெரும்பாலும் நல்ல நாவன்மை இருக்கிறது. அவனைத் தனியே அழைத்துப் பேசுங்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு வகுப்பைச் சுற்றிக் காட்டும் பொறுப்பை அவனிடம் கொடுத்துப் பாருங்கள்.

இந்த வாரம் நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, வகுப்பில் யாருக்குப் பட்டப்பெயர் இருக்கிறது என்று உங்கள் பிள்ளையிடம் மெதுவாகக் கேளுங்கள். உன்னை யாராவது அழைக்கிறார்களா என்றும் கேளுங்கள். உங்கள் பிள்ளை சூட்டியிருந்தால், அந்தத் தோழனிடம் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, சத்துணவு சமைக்கும் அம்மா, வகுப்பைக் கூட்டும் அக்கா, பள்ளி வாகன ஓட்டுநர் ஆகியோரை மரியாதையோடு அழைக்கவும் நன்றி சொல்லவும் பழக்குங்கள். முதலில் நீங்கள் அழையுங்கள்.

மூன்றாவது, ஆசிரியரிடமோ மக்தப் உஸ்தாதிடமோ குறை இருந்தால் நேரில் போய்ப் பேசுங்கள். பிள்ளை முன்னால் பேசாதீர்கள். நியாயமான குறையைச் சொல்வது உங்கள் உரிமை. ஆசிரியர்மீது பிள்ளை வைத்திருக்கும் மதிப்பு உடைந்தால் படிப்பும் சேர்ந்து உடையும்.

நான்காவது, ஆசிரியர்களும் உஸ்தாதுகளும் இதைக் கேளுங்கள். நாம் கோபத்தில் ஒரு பிள்ளையை ஒரு பெயர் சொல்லி அழைத்தால், அந்த நிமிடமே முப்பது பிள்ளைகளுக்கு அனுமதி கொடுத்துவிட்டோம். சிறியவர்மீது இரக்கம் காட்டாதவரும் பெரியவரின் கண்ணியத்தை அறியாதவரும் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற நபிமொழியில் சிறியவரின் உரிமைதான் முதலில் வருகிறது.

வல்ல ரஹ்மான் நம் நாவுகளைத் தூய்மைப்படுத்துவானாக! நம் பிள்ளைகளை எவர் மனதையும் நோகடிக்காதவர்களாகவும், எவராலும் நோகடிக்கப்படாதவர்களாகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.