வண்டியின் எண்ணெயை வீட்டில் மாற்றுதலும் பழைய எண்ணெயை ஒப்படைத்தலும்

நமது சங்கங்கள் மாட்டு வண்டியை நம்பியிருந்த காலம் கடந்துவிட்டது. நூற்கட்டுகளைக் கொணரவும், நெய்த துணியைக் கோ-ஆப்டெக்ஸ் கிடங்கில் சேர்க்கவும், காய்கறிகளை விடியுமுன் கோயம்பேட்டுக்கு ஏற்றிச் செல்லவும் இன்று சிறு சுமை வண்டிகளே பயன்படுகின்றன. 2005-ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் விற்பனைக்கு வந்தது முதல் ‘குட்டி யானை’ என்ற பெயரை அறியாதார் இல்லை. சங்கத்திற்கென வாங்கிய வண்டிகள் போக, அங்கத்தினர் கடன் பெற்றுத் தாமே வாங்கிய வண்டிகளும் பல. அவற்றின் எஞ்சின் எண்ணெயைப் பட்டறைக்குப் போகாமல் வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்ளும் முறையை இப்பாடத்தில் விளக்க எண்ணுகிறோம். இடத்திற்கு உதாரணமாகச் சென்னையின் வடபகுதியிலுள்ள கொடுங்கையூரைக் கொள்வோம். அதனைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அது பாடத்தின் பிற்பகுதியில் விளங்கும்.

எண்ணெயை ஏன் மாற்ற வேண்டும்? தறியின் அச்சுகளுக்கு எண்ணெய் இடுவது உராய்வைக் குறைக்க மட்டுமே. எஞ்சினில் அது இன்னும் பல பணிகளைச் செய்கிறது. வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது, டீசல் எரிவதால் உண்டாகும் கரியையும், தேய்ந்த உலோகப் பொடியையும் தன்னுள் ஏந்திக்கொள்கிறது, எரிபொருளிலிருந்து தோன்றும் அமிலங்களை முறித்து உட்பாகங்களைத் துருவினின்று காக்கிறது. இப்பணிகளுக்கென அதனுடன் கலக்கப்பட்ட மருந்துச் சரக்குகள் நாளடைவில் செலவாகிவிடுகின்றன. அடிப்படை எண்ணெயோ அழுக்கடைவதன்றிப் பெரும்பாலும் அழிவதில்லை. இந்த ஒரு செய்தியை அங்கத்தினர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இது பயன்படும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்பதை வண்டியுடன் கொடுத்த கையேடே கூறும். ஆனால் அந்த எண்ணிக்கையை அப்படியே நம்பியிருப்பதும் தகாது. துறைமுக வாயிலில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மணிக்கணக்கில் எஞ்சின் ஓடியபடி நிற்கும் வண்டியில் கிலோமீட்டர் ஏறாது. எண்ணெய் மட்டும் கெடும். இத்தகைய கடும் உழைப்புக்குக் கையேட்டிலேயே குறைந்த இடைவெளி தனியே குறிக்கப்பட்டிருக்கும். அதனையே பின்பற்றுக.

எண்ணெய்த் தேர்விலும் கையேடே வழிகாட்டி. டப்பாவின் மேல் 15டபிள்யூ-40 என்று கண்டால் மிரள வேண்டுவதில்லை. முன்னுள்ள எண் குளிர்ந்த நிலையில் எண்ணெய் எவ்வளவு எளிதில் ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் 100 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் அதன் பிசுக்கு எவ்வளவு என்பதையும் குறிக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிக்கேற்ப அமைந்த டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அவற்றிற்குச் சாம்பல் குறைந்த எண்ணெய்தான் ஆகும். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய வகையை ஊற்றினால் அவ்வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதை மாற்றும் செலவோ பெரிது. எண்ணெயை ரசீதுடன், முத்திரை உடையாத டப்பாவாகப் பார்த்து வாங்குக.

இனி வேலைக்கு வருவோம். வேண்டிய கருவிகள் அதிகமில்லை: அளவான ரிங் ஸ்பானர், பில்டர் கழற்றும் பட்டை, வாயகன்ற தட்டு, புனல், கையுறை, பழந்துணி, புதிய பில்டர், புதிய வாஷர். வண்டியைச் சமதரையில் நிறுத்தி எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட விடுக. இளஞ்சூடான எண்ணெய் அடியில் படிந்த அழுக்கையும் கூட்டிக்கொண்டு இறங்கும். நெடுந்தூரம் ஓடிவந்த வண்டியாயின் சற்று ஆற விடுக. கொதிக்கும் எண்ணெய் கையை வேகவைத்துவிடும். எஞ்சினை நிறுத்திக் கை பிரேக்கை இழுத்து, முதல் கியரில் இட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவும். சுமை வண்டிகளில் பெரும்பாலானவை உயரமானவை ஆகையால் தூக்காமலே அடியில் கை எட்டும். தூக்கியே ஆக வேண்டுமெனில் உறுதியான தாங்கியின் மேல் அமர்த்துக. ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவதாகும். செங்கலை அடுக்கி முட்டுக் கொடுப்பதும் அத்தகையதே. சுமை ஏறிய செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

மேலே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தபின், சம்பின் அடியிலுள்ள வடிகால் நட்டை இடஞ்சுழியாகத் திருகுக. இறுதிச் சுற்றுகளைக் கையால் திருகி நட்டைச் சட்டென்று விலக்கிக்கொண்டால் எண்ணெய் தட்டில் நேராக விழும். முதலில் சற்றுத் தள்ளிப் பாய்ந்து, பின் நேராக இறங்கும். தட்டை அதற்கேற்ப நகர்த்துக. கால் மணி நேரமாவது வடிய விடுதல் வேண்டும்.

வடியும் எண்ணெயைப் பார்க்கப் பழகுவது நல்லது. வீட்டில் செய்வதன் பெரிய ஆதாயமே இதுதான் என்பது நம் கருத்து. மிச்சமாகும் கூலி அதற்கு அடுத்ததே. டீசல் எஞ்சினின் எண்ணெய் கறுத்திருப்பது இயல்பு. அதனால் அஞ்ச வேண்டா. மோர் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே புகுந்திருக்கிறது. நீர்த்துப்போய் டீசல் நாற்றம் அடித்தால் எரிபொருள் கசிகிறது. விரலிடையே தேய்க்கையில் மினுமினுக்கும் துகள் தென்பட்டால் பேரிங் தேய்கிறது. இம்மூன்றில் எது காணப்பட்டாலும் புதிய எண்ணெயை ஊற்றிச் சமாளிக்கலாம் என்றிராமல் மெக்கானிக்கிடம் காட்டுக. பட்டறையில் விட்டுவிட்டுத் தேநீர் அருந்தப் போகும் உரிமையாளருக்கு இச்செய்தி கிட்டுவதில்லை.

பில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையமும் உடன் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பழைய வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்க அதன்மேல் புதியதைப் பொருத்தினால், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் எண்ணெய் முழுவதும் பீறிட்டு வெளியேறும். புதிய வளையத்தில் விரலால் சிறிது புது எண்ணெய் தடவி, கையாலேயே திருகி, வளையம் படிந்தபின் முக்கால் சுற்று இறுக்கினால் போதும். வடிகால் நட்டையும் புதிய வாஷருடன் முதலில் கையால் ஏற்றுக. ஸ்பானரைப் பின்னர் எடுக்கலாம். கோணலாக ஏற்றி ஸ்பானரால் முறுக்கினால் மரை போய்விடும். மரை போனால் சம்பையே மாற்ற நேரிடும்.

கையேடு கூறும் அளவில் சிறிது குறைத்தே ஊற்றி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து அளந்து பார்க்கவும். கியரை நியூட்ரலுக்குக் கொணர்ந்தபின் எஞ்சினை ஓட்டுக. எண்ணெய் அழுத்த விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிடில் உடனே நிறுத்துக. அடியில் கசிவில்லை என்று கண்டு, எஞ்சினை நிறுத்தி, மீண்டும் அளந்தால் பில்டர் குடித்த அளவுக்கு மட்டம் தாழ்ந்திருக்கும். அதனை நிரப்பி, இரு கோடுகளுக்கும் இடையே, மேல்கோட்டை ஒட்டி நிறுத்துக. கோட்டுக்கு மேல் ஏற்றுவது தாராளம் ஆகாது. சுழலும் கிராங்க் அதனைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை எஞ்சினைக் காவாது.

கையுறை எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். நெசவுத் தொழிலை அறிந்தோர் இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகளின் வரலாற்றை அறிதல் வேண்டும். அங்கே மியூல் என்னும் நூற்பு எந்திரங்களில் வேலை செய்தோரின் உடையில் கனிம எண்ணெய் நாள்தோறும் தெறித்து ஊறியது. அவர்களிடையே தோல் புற்றுநோய் மிகுந்திருப்பதை 1922-ல் மான்செஸ்டர் மருத்துவர்கள் இருவர் எடுத்துக்காட்டினர். இக்கேட்டைத் தடுக்கத் தனி விதிகள் 1953-ல்தான் ஏற்பட்டன. எஞ்சினில் வெந்த எண்ணெயில் கேடு விளைக்கும் பொருள்கள் புதியதைக் காட்டிலும் மிகுதி. கையில் பட்டதைச் சோப்பிட்டுக் கழுவுக. டீசலால் கழுவும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும்.

இப்போது தட்டில் நாலைந்து லிட்டர் கறுத்த எண்ணெய் நிற்கிறது. வண்டி நலமாக ஓடுகிறது. வேலை பாதிதான் முடிந்திருக்கிறது என்போம்.

கொடுங்கையூரில் அதனைத் தெருவோர வடிகாலில் ஊற்றினால் என்ன ஆகும்? அப்பகுதியின் நீர் கேப்டன் காட்டன் கால்வாய் வழியே பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து, வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தை நோக்கிச் செல்கிறது. பாதாளச் சாக்கடையில் ஊற்றினாலோ, அது கொடுங்கையூர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சென்றடையும். கழிவுநீரைத் தூய்மை செய்து மணலித் தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு 4½ கோடி லிட்டர் அளிக்கவல்ல அமைப்பு அங்கே 2019-ல் தொடங்கப்பட்டது. நீரைத் தூய்மையாக்கும் நுண்ணுயிர்களுக்கும் மெல்லிய சவ்வுகளுக்கும் எண்ணெய் பகை. குப்பையில் கட்டிப் போட்டாலும் ஊருக்கு வெளியே போய்விடுவதில்லை. வடசென்னைக் குப்பை பல்லாண்டுகளாகக் குவிந்த மேடு கொடுங்கையூரிலேயே இருக்கிறது. அம்மேடு அவ்வப்போது தீப்பிடிப்பதையும் அவ்வூரார் அறிவர்.

ஒரு வண்டியின் எண்ணெய் எம்மாத்திரம் என்று கேட்கலாம். ஒரு முறை மாற்றியெடுக்கும் எண்ணெய் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிட்டிருக்கிறது. எண்ணூர் மக்களுக்கு இக்கணக்குத் தேவையில்லை. 2017 ஜனவரி 28-ல் எண்ணூர்த் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, கரையில் ஒதுங்கியதை வாளிகளால் அள்ளியதை அவர்கள் கண்டனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துடன் மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தில் பரவி, மீனவரின் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. எண்ணெய் படிந்த வலை எத்தகையது என்பதை, எண்ணெய்க் கறை பட்ட பாவு எத்தகையது என்று அறிந்த நெசவாளருக்கு விளக்க வேண்டுமோ? அவை பெரிய விபத்துகளே. நாம் ஊற்றுவது சிறிது. ஆயினும் போய்ச் சேரும் இடம் ஒன்றே.

நாட்டுப்புறத்தில் ‘வேஸ்ட் ஆயில்’ என்று பெயரிட்டுக் கறையானுக்குப் பூசுவதும், புழுதி அடங்கத் தரையில் தெளிப்பதும், சென்ட்ரிங் பலகையில் தடவுவதும் உண்டு. பயிரிடும் மண்ணில் இதனைத் தெளிப்பவர் தம் கிணற்றுக்கே தெளிப்பவராவார். பழைய இரும்புக் கடையில் விற்போரும் உளர். சில ரூபாய் கிட்டுவது உண்மையே. அவ்வெண்ணெய் அடுப்பிலெரிந்து நச்சுப் புகையாகலாம். அன்றி, மேலோட்டமாக வடிகட்டப்பெற்றுப் பகட்டான டப்பாவில் புகுந்து நம்மிடமே புதிய விலைக்குத் திரும்பவும் கூடும். காலி டப்பாவை ஆணியால் துளைத்தே எறிய வேண்டும் என்பதும் இதனாலேதான்.

அடிப்படை எண்ணெய் அழிவதில்லை என்று முன்னர்க் கூறினோம். முறையான மறுசுத்திகரிப்பு ஆலையில் அழுக்கை நீக்கி அதனை மீண்டும் பயன்படுத்த இயலும். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பழைய எண்ணெயை அங்கீகாரம் பெற்றோரிடமே சேர்க்க வகை செய்கின்றன. 2024 ஏப்ரல் 1 முதல், எண்ணெயை உற்பத்தி செய்வோரும் அதனைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பில் பங்கேற்க வேண்டும் என்ற திருத்தமும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆனால் நாலு லிட்டர் டப்பாவுக்காக எந்த ஆலையின் வண்டியும் கொடுங்கையூர்ச் சந்துக்குள் வராது. தனி மனிதன் நல்லெண்ணம் கொண்டிருந்தும் டப்பாவை வீட்டு மூலையில் வைத்து அலுத்து, மழை நாளொன்றில் சாக்கடையில் கவிழ்த்துவிடுகிறான்.

சங்கம் செய்யக்கூடியது இங்கேதான் இருக்கிறது. வண்டியொன்றுக்கு 5 லிட்டர் வீதம், ஆண்டுக்கு இருமுறை என்றால், 20 அங்கத்தினர் வண்டிகளிலிருந்து 200 லிட்டர், அதாவது ஒரு முழுப் பேரல் சேரும். பேரலுக்கு வண்டி வரும், விலையும் பேசலாம். சேர்த்து வைக்கத் தொடங்குமுன் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரித்து, வேண்டிய அனுமதியைப் பெற்றுக்கொள்க. பேரல் சிமெண்டுத் தரையில், கூரைக்கடியில், நூற்கிடங்கினின்றும் நெருப்பினின்றும் விலகி, சுற்றிலும் சிறு வரப்புடன் இருத்தல் வேண்டும். தண்ணீர், பெட்ரோல், பிரேக் எண்ணெய், சாயப்பட்டறைக் கழிவு இவற்றுள் எதுவும் அதில் கலத்தலாகாது. கலந்த எண்ணெயை ஆலையார் ஏற்க மறுப்பர். பழைய பில்டரை ஓரிரவு கவிழ்த்து வடித்து அதனையும் தனி வாளியில் சேர்க்கலாம்.

இதற்கெனத் தனிப் பதிவேடு ஒன்று திறக்கப்பட வேண்டும். தேதி, அங்கத்தினர் எண், வண்டி எண், ஓடிய கிலோமீட்டர், ஒப்படைத்த லிட்டர், கையொப்பம் ஆகிய பத்திகள் போதும். பேரல் நிரம்பி எடுத்துச் செல்லப்படும் நாளில், எடுத்துச் சென்றவரின் அங்கீகார எண்ணும் லிட்டர் அளவும் கண்ட ரசீதை வவுச்சருடன் கோவையில் சேர்த்து, பெற்ற தொகையைப் பல்வகை வரவில் எழுதுக.