வீட்டுத் தூசும் இளைப்பு நோயும்

செடியில் வரும் சிலந்திப்பேனை நம் விவசாயிகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. கத்தரி இலையின் அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படை கட்டிச் சாற்றை உறிஞ்சும் அவ்வுயிரைக் கைக்கண்ணாடி கொண்டு நோக்கினால் எட்டுக் கால்கள் தென்படும். 1990-களின் இறுதியில் கேரளத்தில் காணப்பட்டு, பின்னர் தமிழ்நாட்டுத் தோப்புகளிலும் பரவித் தேங்காய்களைச் சிறுக்கச் செய்த ஈரியோபைட் என்னும் பூச்சியும் அக்குலத்தைச் சேர்ந்ததே. அதே குலத்தில் பிறந்த வேறோர் உயிர் நாம் படுக்கும் மெத்தையிலும் தலையணையிலும் குடியிருந்து வருகிறது என்பதைத்தான் நம்மில் பலர் அறியோம். தூசுப் பூச்சி என்று அதனைக் கூறலாம்.

இது கடிப்பதில்லை, மூட்டைப்பூச்சியைப் போல இரத்தம் குடிப்பதுமில்லை. சொறி சிரங்கை உண்டாக்கும் பூச்சி வேறு, இது வேறு. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளமே உடையதாகையால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நம் உடலிலிருந்து நாள்தோறும் உதிரும் தோற்செதில்களே இதன் உணவு. ஒரு பெண்பூச்சி தன் ஆயுளில் அறுபதுக்குக் குறையாமல் முட்டையிடும். முட்டை முழுப்பூச்சியாவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.

கடிக்காத பூச்சியால் என்ன தீங்கு என்று கேட்கலாம். தீங்கு அதன் எச்சத்தில் உள்ளது. ஒரு பூச்சி நாளொன்றுக்குச் சுமார் இருபது முறை எச்சமிடுகிறது. அது காய்ந்து தூசுடன் கலந்து, படுக்கையை உதறும்போதும் புரளும்போதும் எழுந்து மூச்சில் புகுகிறது. பெரும்பாலோருக்கு இதனால் ஒன்றும் நேர்வதில்லை. ஒவ்வாமை உடையவர்களுக்கோ அடுக்குத் தும்மலும், மூக்கொழுக்கும், கிராமத்தார் இன்று ‘வீசிங்’ என்றே வழங்கும் இளைப்பும் உண்டாகின்றன. வீட்டுத் தூசு ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது என்பது மருத்துவர்கள் நெடுநாளாய் அறிந்த செய்தி. எனினும், தூசில் உள்ள குற்றவாளி இப்பூச்சியே என்பதை ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் வூர்ஹார்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகிய ஆராய்ச்சியாளர்கள் 1964-இல்தான் வெளிப்படுத்தினார்கள்.

இப்பூச்சியின் வாழ்க்கையில் விவசாயிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. இதற்கு நீர் குடிக்க வாய்ப்பில்லை. உடலில் முக்கால் பங்கு நீராயிருந்தும், அந்நீரைக் காற்றின் ஈரத்திலிருந்தே உறிஞ்சிக் கொள்கிறது. முன்கால்களுக்கு அருகிலுள்ள சுரப்பிகள் இவ்வேலையைச் செய்கின்றன. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபது, எண்பது என்றிருந்தால் செழித்துப் பெருகும். ஐம்பதுக்குக் கீழே இறங்கிப் பல நாள் நீடித்தால் உலர்ந்து மடியும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் கதவையடைத்துப் படுக்கும் வீடுகள் இதற்கு எவ்வளவு உகந்தவை என்பதை இதிலிருந்து ஊகித்துக் கொள்ளலாம். போகியன்று பழம்பாயையும் கந்தலையும் கழிக்கும் நம் வழக்கம் பருவமறிந்து அமைந்ததே; ஆயினும் அவற்றைத் தெருவில் கொளுத்திப் புகை கிளப்புவது, எவர் மூச்சைக் காக்க வேண்டுமோ அவர் மூச்சையே அடைப்பதாகும்.

செடியிலுள்ள பூச்சிக்கு மருந்து தெளிக்கும் பழக்கம் காரணமாக, வீட்டுப் பூச்சிக்கும் அதையே தெளிக்கலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. வயலுக்கு வாங்கி மீந்த மருந்தையோ கந்தகத் தூளையோ கட்டிலிலும் மெத்தையிலும் தெளித்தல் கூடவே கூடாது. மெத்தையில் தங்கிய நஞ்சை இரவு முழுதும் சுவாசிப்பவர் ஏற்கெனவே மூச்சுத் திணறும் குழந்தையாக இருக்கக்கூடும். மேலும், பூச்சி செத்தாலும் எச்சம் அப்படியே கிடக்கும். நோய்க்குக் காரணமானது அந்த எச்சமன்றோ?

நமக்குத் தகுந்த சாதனம் வெயிலே. கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் மணிலா பயிரிடுவோர், காயைப் பிடுங்கிக் களத்தில் பரப்பி, கையிலெடுத்து ஆட்டினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும்வரை காயவைப்பார்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதை அறிவார்கள். மணிலாவுக்குக் காட்டும் அக்கறையைப் படுக்கைக்கும் காட்டினால் போதும். 1994-இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஓர் ஆய்வில், சுட்டெரிக்கும் வெயிலில் விரித்த கம்பளங்களில் இருந்த பூச்சிகள் யாவும் மடிந்தமை கண்டறியப்பட்டது. மொட்டைமாடியிலோ களத்திலோ காலை பத்து மணிக்கு விரித்து, நடுவில் ஒருமுறை புரட்டிப் போட்டு, மூன்று மணிக்கு எடுக்கலாம். பின்னர் வீட்டைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோய்க் கழியால் அடித்து உதற வேண்டும். அடிப்பவர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது நலம். நோயாளி அவ்விடத்தில் நிற்கலாகாது.

கனத்த மெத்தையின் உட்புறம் எளிதில் சூடேறாது; பூச்சியும் சூட்டுக்கு அஞ்சி உள்ளே இறங்கிவிடும். இக்காரணத்தால், இளைப்புள்ள பிள்ளைக்கு இலவம்பஞ்சு மெத்தையைவிட நம் வந்தவாசிக் கோரைப்பாய் மேலானது என்பது என் கருத்து. உதறவும் எளிது, உலர்த்தவும் எளிது, விலையும் குறைவு. மெத்தையே வேண்டுமென்பவர் நெருக்கமாய் நெய்த உறையால் அதனை முழுதும் மூடிவைக்கலாம்.

விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை துவைத்தல் வேண்டும். தண்ணீரில் அலசினால் எச்சத்தின் பெரும்பகுதி கரைந்துபோகும். ஆனால் பூச்சி சாகாது. அது சாவதற்கு 55 முதல் 60 டிகிரி சூடு தேவை. வெப்பமானி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கொதிநீர் ஒரு வாளிக்குச் சாதாரண நீர் ஒரு வாளி கலந்தால் ஏறத்தாழ அச்சூடு கிடைத்துவிடும். சிறுவர் அருகில் வாராதபடி பார்த்துக்கொள்க. நோயாளி படுக்கும் அறையைத் துடைப்பத்தால் பெருக்கித் தூசு கிளப்பாமல், நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தெடுப்பதே முறை.

இவையெல்லாம் செய்தால் இளைப்பு அடியோடு நீங்கும் என்று உறுதி கூற நான் முன்வரேன். 2008-இல் டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 54 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, பூச்சியைக் குறைக்கும் முறைகளால் ஆஸ்துமா நோயாளிகளுக்குக் குறிப்பிடத்தக்க பலன் விளையவில்லை என்று முடிவு கூறினர். ஒவ்வாமைக்கு விறகடுப்புப் புகை, பீடிப் புகை, கரப்பான், மகரந்தம் எனப் பிற காரணங்களும் உண்டு. ஆகவே, மெத்தையைக் காயவைத்தோம் என்று மருத்துவர் கொடுத்த உறிஞ்சுமருந்தை நிறுத்திவிடுதல் ஆபத்தாகும். ‘அது பழகிப்போகும்’ என்று ஊரார் சொல்வதைக் கேட்டு மருந்தைக் கைவிடுவோர் இன்றும் உளர். பேசவும் இயலாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் 108 வண்டியை அழைத்திடல் வேண்டும்.

ஊராட்சிப் பொறுப்பிலுள்ளோர் செய்யக்கூடியவை சில உண்டு. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில், குடிசையில் வாழ்ந்தோர் 360 சதுர அடிக் கான்கிரீட் வீட்டுக்குக் குடிபெயர்கிறார்கள். ஓட்டை வழியே காற்றோடிய குடிசை ஒழுகியது உண்மை. புது வீடு ஒழுகாது, ஆனால் சன்னலை எதிரெதிரே வைக்காவிடில் ஈரம் உள்ளேயே தங்கும். கடைக்கால் போடும்போதே இதைச் சொல்ல வேண்டும். சுவர் எழும்பிய பிறகு சொல்லிப் பயனில்லை. அவ்வாறே அங்கன்வாடிக் குழந்தைகள் நண்பகலில் உறங்கும் பாய்களை வாரம் ஒருநாள் வெயிலில் போட ஏற்பாடு செய்யலாம். மே முதல் நாள் கிராமசபை கூடும்போது கத்திரி வெயில் தொடங்க இன்னும் சில நாட்களே இருக்கும். ஊரிலுள்ள படுக்கைகளையெல்லாம் அப்பருவத்தில் ஒருமுறையும், மழைக்கு முன்பாகப் புரட்டாசியில் ஒருமுறையும், தை பிறந்து பனி விலகியதும் ஒருமுறையும் காயவைக்குமாறு அன்று அறிவித்துவிடலாம்.