வெள்ளையம்மாளைக் காணோம்!

லேபில் நாம் எழுதுகிற ப்ரோகிராம்கள் பெரும்பாலும் வட்டிக் கணக்கோ, பகா எண்ணோதான். வேர்டு, எக்செல் போன்ற மென்பொருளையே நம் ப்ரோகிராமால் வேலை வாங்கலாம் என்பதை நான் கற்றது லேபில் அல்ல, பாபநாசம் கடைத்தெருவில் ஒரு டி.டி.பி. சென்டரில்.

சாயங்காலங்களில் அங்கே டைப்பிங் வேலைக்குப் போவேன். ஒருநாள் பழைய வேர்டு ஃபைல்கள் 118 வந்தன. சுற்று வட்டார விவசாயிகளின் பெயர், ஊர், விதை ரகம். எல்லாமே பாமினி எழுத்துரு. யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். (தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல். பழைய ஃபைல்கள்தான் இன்னும் தீர்ந்தபாடில்லை.) "தம்பி, ஒண்ணொண்ணா திறந்து மாத்துனா தாளடி நட்டு முடிச்சிடுவாங்க" என்றார் கடைக்கார அண்ணன்.

முதலில் குறுக்கு வழியில் போனேன். 'செண்ட்கீஸ்' என்றொரு கட்டளை. நாம் விசைகளை அழுத்துவது போலவே அது அழுத்தும். நடுவில் பிரிண்டரில் பேப்பர் இல்லை என்று ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், மீதி விசைகள் எல்லாம் அந்தப் பெட்டிக்குப் போய்விட்டன!

சரியான வழி, மென்பொருளின் உள்ளுறுப்பைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. எக்செல்லில் 1993-லும் வேர்டில் 1997-லும் வந்த வி.பி.ஏ. இதற்குத்தான். வேர்டுக்குள் டாக்குமெண்டுகள், ஒவ்வொரு டாக்குமெண்டுக்குள்ளும் ரேஞ்ச். தாலுகா, கிராமம், சர்வே நம்பர் மாதிரி. சர்வே நம்பர் தெரிந்தால் போதும். திரையில் முன்னால் எந்த விண்டோ நின்றால் நமக்கென்ன? ஃபைலைத் திற, தேடி மாற்று, வேறு பெயரில் சேமி, மூடு, அடுத்தது. ஒரு லூப்தான்.

ஆனால் 'தேடி மாற்று' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பாமினியில் இருப்பது உண்மையில் தமிழ் வேஷம் போட்ட ஆங்கில எழுத்து. குறில் கொம்பு சின்ன 'என்', நெடில் கொம்பு பெரிய 'என்'. ஆகவே 'மேட்ச் கேஸ்' போடாவிட்டால் தேன் தென் ஆகிவிடும். அடுத்து, 'கொ' அங்கே மூன்று துண்டு: கொம்பு, க, கால். யூனிகோடில் க முதலில், பிறகு ஒரே குறி. எனவே நீளமான சேர்க்கையை முதலில் மாற்ற வேண்டும். தனி 'க'வை முதலில் மாற்றினால் கொம்பு அநாதையாக நிற்கும். இன்னொன்று: வி.பி.ஏ. எடிட்டரில் தமிழை நேரே அடித்தால் பெரும்பாலும் கேள்விக்குறிதான் விழும். எண்ணால் எழுதுங்கள், க என்பது 2965, ஒகரக் குறி 3018.

ஓட்டினேன். 4 நிமிஷம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் ஃபைல் கொடுத்தவர் வந்தார். "ஏம்ப்பா, நம்ம பக்கத்துல ஒரு வெள்ளையம்மாள்கூடவா இல்ல?" தேடினால் ஒருவரும் வரவில்லை. வெள்ளைப் பொன்னி ரகமும் வரவில்லை. பெயரைத் தேடி எடுத்துத்தான் அவர்கள் கடிதம் அச்சிடுவார்கள். தேடலில் வராதவருக்குக் கடிதம் கிடையாது.

நீளமானதை முதலில் மாற்று என்ற என் விதியேதான் காலை வாரியிருந்தது. பாமினியில் ஔகாரத்துக்கும் அதே கொம்பு, மெய், ள. ஆகவே 'வெள்ளை'யின் முதல் மூன்று துண்டை மேக்ரோ 'வௌ' என்று எடுத்துக்கொண்டு 'வௌ்ளை' ஆக்கிவிட்டது. கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும், கம்ப்யூட்டருக்கோ வேறு சொல். இணையத்தில் 'வௌியீடு' என்று திரிகிற பிழையும் இதே ஜாதிதான்.

விதியைத் தலைகீழாக்கினேன். இந்தச் சேர்க்கை வந்தால் எகரமும் ளகரமும்தான். கௌரி, சௌந்தரம், பௌர்ணமி என்று நான் கொடுத்த பட்டியலில் இருந்தால் மட்டும் ஔகாரம். மூல ஃபைல்களைத் தனி ஃபோல்டரில் வைத்திருந்ததால் பிழைத்தேன். மறுபடி ஓட்டியதில் 11 வெள்ளையம்மாள்களும் 2 கௌரிகளும் வந்து சேர்ந்தார்கள்.

இந்த மேக்ரோ வேண்டுவோர் வாட்ஸ்அப்பில் கேட்க வேண்டாம். 1999-ல் மெலிசா வைரஸ் வேர்டு மேக்ரோவாகத்தான் உலகம் சுற்றியது. இணையத்தில் வந்த ஃபைல்களின் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் தானாகவே தடுக்கிறது. பென் டிரைவோடு லேபுக்கு வாருங்கள். வரி வரியாகப் படித்துப் பார்த்துவிட்டே ஓட்டுவோம்.