நீர் தூக்கும் கரம் – சிறுவர்க்கு ஒரு மண் தோண்டும் பொறி செய்யும் முறை

தோட்டத்தில் மறுநடவு தொடங்கியதும் சிறுவர்களின் கண்கள் முதலில் தேடுவது புதிய கன்றுகளை அன்று. மண் தோண்டும் இயந்திரத்தையே. முதிர்ந்த ரப்பர் மரங்களைச் சாய்ப்பதற்கும், பாதை திருத்துவதற்கும், வடிகால் வெட்டுவதற்கும் அது வந்து நின்றால், பள்ளி விட்ட பிள்ளைகள் புத்தகப் பையோடு அங்கேயே நின்றுவிடுகின்றனர். அந்த ஆர்வம் நன்று. ஆனால் ஆர்வத்தால் அருகே செல்லும் பிள்ளைக்கு அந்த இயந்திரத்தைப் போன்ற ஆபத்து வேறில்லை. ஆகவே, அந்த ஆர்வத்தை வீட்டு வாசலுக்கே கொணர்ந்து, அதனைக் கல்வியாகவும் காப்பாகவும் மாற்றும் வழி ஒன்றை இக்கட்டுரை விளக்குகிறது. விடுமுறை நாள்கள் இரண்டும், சிறிதளவு மரமும், ஊசி இல்லாத ஊசிக்குழல்கள் ஆறும் இருப்பின், தந்தையும் பிள்ளையும் சேர்ந்து உண்மையாகவே மண் அள்ளும் சிறு பொறி ஒன்றைச் செய்துவிடலாம்.

மண்வெட்டியிலிருந்து இயந்திரம் வரை

இந்நாட்டின் பழைய சாலைகளும் இருப்புப் பாதைகளும் பெரும்பாலும் மனிதக் கரங்களால் உருவானவை. 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே முதல் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. அதன் பின்னர் நாடெங்கும் பாதைகள் நீண்டபோது, மண்வெட்டியும் கூடையும் ஏந்தி மண் சுமந்தவர்களுள் நம் முன்னோர் பல்லாயிரவர்.

அதற்கு முன்னரே, 1839ஆம் ஆண்டில், அமெரிக்காவில் வில்லியம் ஓட்டிஸ் என்பவர் நீராவியால் இயங்கும் மண்வாரிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1904ஆம் ஆண்டில் பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் சேற்றில் புதையாத சங்கிலிப் பட்டைகளை இழுவை இயந்திரத்திற்குப் பூட்டி வெற்றி கண்டார். நீராவி மண்வாரிகள் வடத்தாலும் சங்கிலியாலும் வாளியை இழுத்தன. இன்று நாம் காணும் இயந்திரங்களோ, குழாயினுள் அடைபட்ட எண்ணெயின் அழுத்தத்தால் கையை நீட்டி மடக்குகின்றன. அந்த எண்ணெயின் இடத்தில் நாம் நீரைப் பயன்படுத்தப் போகிறோம்.

விதி ஒன்றே

பிரெஞ்சு நாட்டு அறிஞர் பிலேய்ஸ் பாஸ்கல் (1623–1662) கண்டுரைத்த விதி இது: மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கப்படும் அழுத்தம், குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 1 செ.மீ. விட்டமுள்ள குழலையும் 2 செ.மீ. விட்டமுள்ள குழலையும் நீர் நிறைந்த குழாயால் இணைப்போம். விட்டம் இரு மடங்கு ஆயினும் பரப்பு நான்கு மடங்காகும். எனவே சிறிய குழலை 1 கிலோ விசையுடன் அழுத்தினால், பெரிய குழலின் தண்டு ஏறத்தாழ 4 கிலோ விசையுடன் எழும். ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. சிறிய தண்டை 4 செ.மீ. அழுத்தினால் பெரிய தண்டு 1 செ.மீ. மட்டுமே நகரும். விசையில் பெற்றதைத் தூரத்தில் செலுத்திவிடுகிறோம்.

உண்மையான பெரிய இயந்திரங்களில் இந்த அழுத்தம் ஒரு சதுர செ.மீ. பரப்பிற்கு 300 கிலோவையும் தாண்டும். ஒரு காரின் சக்கரத்தில் உள்ள காற்றழுத்தம் ஏறத்தாழ 2 கிலோ என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் அதன் வலிமை புலப்படும்.

வேண்டிய பொருள்கள்

1. ஊசி இல்லாத புதிய ஊசிக்குழல்கள்: 20 மி.லி. ஒன்று, 10 மி.லி. மூன்று, 5 மி.லி. இரண்டு. உந்துதண்டின் நுனியில் கறுப்பு ரப்பர் உள்ளவையே வேண்டும். ரப்பர் நுனி குழலின் சுவரோடு இறுகப் பொருந்துவதால் நீர் கசியாது. மருந்தகத்தில் புதிதாக வாங்குக. மருத்துவமனையில் பயன்படுத்தி எறியப்பட்டவற்றை எக்காரணம் கொண்டும் தொடலாகாது.
2. மீன் தொட்டிக்குக் காற்று செலுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய், 60 செ.மீ. நீளத்தில் மூன்று துண்டுகள்.
3. 2 செ.மீ. கனமுள்ள மரச் சட்டம் அரை மீட்டர், 30 செ.மீ. சதுரமான அடிப்பலகை, பக்கங்களுக்கும் சுழல் தட்டிற்கும் 6 மி.மீ. ஒட்டுப்பலகை.
4. சிறு போல்ட்டுகள், நட்டுகள், வாஷர்கள், பென்சில் அளவுள்ள உருண்டைக் குச்சிகள், கட்டுக்கம்பி.
5. வாளிக்குத் தடித்த பிளாஸ்டிக் போத்தல். பால் டின்னின் தகரம் வலிமையானதே. எனினும் அதன் வெட்டு முனை பிள்ளையின் விரலைக் கிழிக்கும். ஆகையால் அதனைத் தவிர்க்க.

முதலில் அட்டை, பின்னர் மரம்

நல்ல தச்சர் மரத்தில் கை வைக்குமுன் அளவு பார்ப்பார். அதுபோல, பெரிய கை, முன் கை, வாளி ஆகிய மூன்றையும் முதலில் அட்டையில் வெட்டி, மூட்டுகளில் குண்டூசி குத்தி, மேசைமீது அசைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் தள்ளினால் கை எவ்வளவு உயர்கிறது என்பதைப் பிள்ளையே அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளட்டும். வடிவமைத்தல் என்பது இதுவே. எஞ்சியவை அறுத்தலும் துளையிடுதலுமே.

இங்கே நெம்புகோலின் கணக்கு வருகிறது. பெரிய கையின் நீளம் மூட்டிலிருந்து 24 செ.மீ. என்க. மூட்டிலிருந்து 8 செ.மீ. தொலைவில் ஊசிக்குழல் தள்ளினால், நுனி மூன்று மடங்கு தூரம் நகரும். ஆனால் நுனியிலுள்ள பாரத்தைப் போல் மூன்று மடங்கு விசை தேவைப்படும். 4 செ.மீ. தொலைவில் தள்ளினால் இரண்டும் ஆறு மடங்காகும். கை விரைந்து எழும், பாரம் ஏற்றினால் நின்றுவிடும். 8 செ.மீ. என்பது நடுநிலையான அளவு.

செய்முறை

அடிப்பலகையின் நடுவில் 16 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தட்டை ஒரே போல்ட்டால் பொருத்துக. இரண்டிற்கும் இடையே பழைய குறுந்தட்டு ஒன்றை வைத்தால் தட்டு வழுக்கிச் சுழலும். இதுவே சுழல் தட்டு.

சுழல் தட்டின்மேல், 14 செ.மீ. உயரமும் 8 செ.மீ. அகலமும் உள்ள இரு பக்கப் பலகைகளை 3 செ.மீ. இடைவெளியில் இணையாக நிறுத்துக. அவற்றில், பின் விளிம்பிலிருந்து 2 செ.மீ., கீழிருந்து 13 செ.மீ. என்னும் இடத்தில் பெரிய கையின் மூட்டுக்குத் துளையிடுக. பின் விளிம்பிலிருந்து 6 செ.மீ., கீழிருந்து 8 செ.மீ. என்னும் இடத்தில் உருண்டைக் குச்சி ஒன்று தாராளமாகச் சுழலுமாறு மற்றொரு துளையிடுக. 20 மி.லி. ஊசிக்குழலின் மேற்பகுதியை இக்குச்சியோடு கம்பியால் இறுகக் கட்டி, உந்துதண்டின் தலையைப் பெரிய கையின் அடியில் 8 செ.மீ. இடத்தில் ஒரு போல்ட்டால் இணைக்க.

இதில் ஒன்றைக் கருத்தில் இருத்துக. ஊசிக்குழலைப் பலகையோடு அசையாமல் ஆணியடித்துவிடலாகாது. கை உயரும்போது தண்டின் சாய்வும் மாறிக்கொண்டே இருக்கும். குழல் உடன் திரும்பாவிடில் தண்டு வளையும், ரப்பர் ஒரு பக்கம் ஒதுங்கும், நீர் கசியும். இரு முனைகளும் மூட்டாக இருத்தல் இன்றியமையாதது. பெரிய இயந்திரத்தைத் தொலைவிலிருந்து உற்று நோக்கினால், அங்கும் ஒவ்வோர் உந்துகுழலின் இரு முனையிலும் மூட்டு இருப்பதைக் காணலாம்.

முன் கையின் மொத்த நீளம் 20 செ.மீ. அதன் மேல்முனையிலிருந்து 5 செ.மீ. தள்ளி மூட்டு அமைக. அந்த 5 செ.மீ. வால் போல மேலே நிற்கட்டும். 10 மி.லி. ஊசிக்குழலைப் பெரிய கையின் முதுகில் முன்போலவே குச்சியில் கட்டி, தண்டின் தலையை வாலோடு இணைக்க. தண்டு வெளியே தள்ளும்போது வால் முன்னே செல்லும். கீழ் நுனி உடலை நோக்கி மடங்கும். மண்ணைக் கோரி இழுக்கும் செயல் இதுவே.

வாளியை முன் கையின் கீழ் நுனியில் மூட்டி, 5 மி.லி. ஊசிக்குழலை முன் கையின் வெளிப்புறத்தில் அமைக்க. வாளியின் மூட்டிலிருந்து 3 செ.மீ. தள்ளி அதன் முதுகில் தண்டை இணைத்தால், தண்டு 3 செ.மீ. நகரும்போது வாளி ஏறத்தாழ 60 பாகை மடங்கும்.

மூன்று இடங்களிலும் கடினமான வேலை ‘தள்ளுதலில்’ அமைந்திருப்பதைக் கவனிக்க. தண்டைப் பின்னே இழுக்கும்போது குழலினுள் அழுத்தம் குறைய, வெளிக்காற்றே மறுமுனைத் தண்டை உள்ளே செலுத்துகிறது. காற்றின் அழுத்தத்திற்கு ஓர் எல்லை உண்டு. விரலின் அழுத்தம் அதனை எளிதில் மிஞ்சும்.

எஞ்சிய மூன்று ஊசிக்குழல்களையும் ஒரு சிறு பலகையில் வரிசையாகக் கட்டுக. இது ஓட்டுநரின் இருக்கை. பெரிய கைக்கும் முன் கைக்கும் 10 மி.லி.; வாளிக்கு 5 மி.லி. பெரிய கையின் 20 மி.லி. குழலை 10 மி.லி. நீர் பாதியளவே நிரப்பும். நுனி ஏறத்தாழ 10 செ.மீ. உயரும்; ஆனால் விசை மிகும். மூன்று கைகளின் பாரத்தையும் தூக்குவது அதுவே ஆதலால் இந்த ஏற்பாடு.

காற்றை வெளியேற்றுதல்

பெரும்பாலோர் தளர்வது இந்த இடத்திலேதான். நீரோடு சிறிது காற்றும் கலந்திருந்தால், அழுத்தும்போது காற்று சுருங்கிவிடும். கை அசையாது, அல்லது தள்ளாடும். எனவே நீர் நிறைந்த பாத்திரத்திற்குள் குழாயை அமிழ்த்தி வைத்து, ஓட்டுநர் பக்கத்துக் குழலில் நீரை முழுதும் இழுத்து, நுனியை மேல்நோக்கிப் பிடித்துத் தட்டிக் காற்றை வெளியேற்றுக. பின்னர் அதனைக் குழாயில் செருகிச் சிறிது அழுத்தி, மறுமுனையில் நீர் மட்டும் வரும்படி செய்க. கையின் பக்கத்துக் குழலின் நுனியிலும் ஒரு துளி நீர் இட்டு, அதன் தண்டு முற்றும் உள்ளே இருக்கும் நிலையில் இணைக்க. மூன்று இணைகளுக்கும் மூன்று உணவு வண்ணங்களைக் கலந்தால், எந்த நீர் எந்தக் கையை இயக்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

குறையும் தீர்வும்

கை தள்ளாடினால் காற்று உள்ளது; மீண்டும் நிரப்புக. தூக்கும்போது பொறி முன்புறம் கவிழ்ந்தால், சுழல் தட்டின் பின்புறம் மணல் நிரப்பிய சிறு டின்னைக் கட்டுக. பெரிய இயந்திரத்தின் பின்பகுதி கனத்திருப்பதும் இதற்காகவே. மூட்டு இறுகினால் நட்டைச் சிறிது தளர்த்தி, அது கழன்றுவிடாதபடி இரண்டாவது நட்டொன்றைச் சேர்த்து இறுக்குக. குழாய் கழன்றால் இணைப்பில் கம்பியைச் சுற்றுக.

துளையிடுதலும் அறுத்தலும் பெரியவர் வேலை. அளத்தலும் நிரப்புதலும் பிள்ளையின் வேலை. மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகளிடம் இதனைக் கொடுக்கலாகாது. சிறு நட்டுகளை விழுங்கிவிடுவர். விளையாடி முடித்ததும் மணல் பெட்டியிலும் வாளியிலும் நீர் தேங்காமல் கவிழ்த்து வைக்க. டிங்கிக் கொசுவிற்குச் சிறிதளவு நீரே போதும்.

ஆபத்து வட்டம்

பொறி முடிந்ததும் முதலில் கற்பிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கையை முழுதும் நீட்டி, சுழல் தட்டை ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். வாளி சென்ற வழியைச் சுண்ணக்கட்டியால் தரையில் வரையச் சொல்லுங்கள். ஏறத்தாழ அரை மீட்டர் ஆரமுள்ள வட்டம் கிடைக்கும். அதனுள் ஒரு பொம்மையை நிறுத்தி மறுபடியும் சுழற்றினால் பொம்மை விழும். பிறகு பிள்ளையை ஓட்டுநர் பலகையின் பின்னே அமர்த்தி, பொறியின் மறுபுறம் ஒரு கோலிக்குண்டை வைத்து, “குண்டு தெரிகிறதா?” என்று கேளுங்கள். தெரியாது. உண்மையான ஓட்டுநருக்கும் இயந்திரத்தின் பின்னும் பக்கத்திலும் நிற்கும் சிறுவன் தெரிவதில்லை. அவர் கவனமற்றவர் என்பதனால் அன்று; இரும்பு அவர் பார்வையை மறைக்கிறது.

“அங்கே போகாதே” என்று நூறு முறை அதட்டுவதைவிட, இந்த ஒரு சோதனை பிள்ளையின் நெஞ்சில் ஆழப் பதியும். இயந்திரம் வேலை செய்யும்போது அதன் வட்டத்திற்கு வெகு தொலைவில் நிற்க வேண்டும். நின்றுபோன இயந்திரத்தின் மீதும் ஏறலாகாது. உயர்த்தப்பட்ட வாளியின் கீழ் ஒருபோதும் செல்லலாகாது. புதிதாக வெட்டிய பள்ளத்தின் விளிம்பில் விளையாடலாகாது. இந்த நான்கையும் பொம்மையின் துணைகொண்டே செய்து காட்டுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. பெரிய கையின் குழலை மூட்டிலிருந்து 6 செ.மீ. இடத்திற்கு மாற்றினால், 24 செ.மீ. நுனி எத்தனை மடங்கு நகரும்? தேவைப்படும் விசை எவ்வாறு மாறும்?
2. 5 மி.லி. குழலால் 20 மி.லி. குழலை இயக்கினால், பெரிய குழலில் எத்தனை பங்கு நிரம்பும்?
3. சுழல் தட்டையும் நீராலேயே திருப்ப நான்காவது இணையை எங்கே அமைப்பாய்? படம் வரைக.

மூன்றாம் வினாவிற்கு விடை ஒன்றன்று. பிள்ளை வரையும் படம் பயன் தருமா, தராதா என்பதை அட்டையே கூறிவிடும்.

நம் பாட்டன்மார் மண்ணைச் சுமந்தனர். பேரப்பிள்ளைகள் மண்ணை நகர்த்தும் இயந்திரத்தின் உள்ளமைப்பை அறிந்து, அதனை இயக்குவோராகவும் பழுது பார்ப்போராகவும் வடிவமைப்போராகவும் உயர வேண்டும். அதற்குரிய தொழிற்பயிற்சி நிலையங்களும் கல்லூரிகளும் நாட்டில் உள்ளன. அவற்றின் வாசலை அடைவதற்குக் கணிதமும் அறிவியலும் வேண்டும். அவை அஞ்சத்தக்கவை அல்ல என்பதைப் பிள்ளை தன் கையாலேயே உணர்வதற்கு இந்தச் சிறு பொறி துணை செய்யும். வருகின்ற விடுமுறையில் ஓர் அட்டையை எடுத்து, முதல் கோட்டைப் பிள்ளையையே வரையச் சொல்லுங்கள்.