பிக் பைன் ஏரிக்கா போறே? நகத்தை வெட்டிட்டுப் போ!

கலிஃபோர்னியாவுல பிக் பைன் ஓடையோட வடக்குக் கிளையை ஒட்டியே ஏறி, மேல இருக்கிற ஏரிகளைப் பார்க்கப் போறேன்னு குதிக்கிறே. போட்டோவுல அந்தப் பச்சை கலந்த நீலத்தைப் பார்த்தா யாருக்குத்தான் ஆசை வராது? ஆனா ஆரம்பத்துல வர்ற மொட்டைச் சரிவை யாரும் போட்டோ எடுக்கிறதில்லை, தங்கச்சி.

நிழல் கிடையாது. புழுதியும் கல்லுமா பாதை வளைஞ்சு வளைஞ்சு ஏறும். நான் முதல் தடவை எட்டரை மணிக்குச் சாவகாசமா கிளம்பினேன். கொண்டு போன ரெண்டு லிட்டர் தண்ணில பாதி அங்கேயே காலி. நீ வெளிச்சம் வரும்போதே அந்தச் சரிவுல இருக்கணும். வேகம் வேண்டாம். பேசிக்கிட்டே நடக்க முடியலைன்னா, நீ ஓடுறேன்னு அர்த்தம்.

பிக் பைன் ஊர் சுமார் 1,200 மீட்டர் உயரம். நடை தொடங்குற இடம் கிட்டத்தட்ட 2,400. முதல் ஏரி 3,000-ஐத் தாண்டிடும். அதனால முந்தின ராத்திரி மேல இருக்கிற முகாம்லயே படு. தலைவலியோட குமட்டலும் வந்தா, மாத்திரையைப் போட்டுக்கிட்டு ஏறலாம்னு நினைக்காதே. இறங்கிடு.

சரிவு முடிஞ்சு மரங்கள் வந்ததும் ஓடைக்கரையில ஒரு கல் வீடு தெரியும். மௌனப்பட நடிகர் லான் சேனிக்காக பால் வில்லியம்ஸ் வடிவமைச்சது. அங்க உட்கார்ந்து ஏதாவது சாப்பிடு. உயரத்துல பசி செத்துடும். எனக்கு இறங்கினது புளிசாதம் மட்டும்தான். ஓடைத் தண்ணி கண்ணாடி மாதிரி இருந்தாலும் ஃபில்டர் பண்ணாம குடிக்காதே.

முதல் ஏரியோட திரும்பிடாதே, ரெண்டாவது பக்கத்துலதான். எதிர்ல டெம்பிள் க்ராக் சிகரம் செங்குத்தா நிக்கும். மேல பாலிசேட் பனியாறு பாறையை மாவா அரைச்சு அனுப்புது. அந்த மாவு தண்ணில மிதக்கிறதாலதான் இந்த நிறம். ரசி. ஆனா கோடையில மத்தியானம் இடி மின்னல் வரும். பன்னெண்டு மணிக்குள்ள திரும்பு.

இறங்கும்போதுதான் என் கட்டைவிரல் ஷூ முனையில முட்டி முட்டி நகம் கறுத்துப்போச்சு. ஒரு மாசத்துல கழண்டே விழுந்துடுச்சு. ரெண்டு நாள் முன்னாடியே நகத்தை ஒட்ட வெட்டிக்கோ. இறங்குறதுக்கு முன்னாடி கணுக்கால்கிட்ட லேஸை இறுக்கு. புது ஷூவை அன்னிக்குன்னு எடுக்காதே.

கார்ல மிட்டாய்க் காகிதம்கூட விடாதே, கரடி கதவைப் பிச்சுடும். செருப்பு மட்டும் இருக்கட்டும். வந்ததும் முதல்ல அதைத்தான் தேடுவே.